ஃபார்மட் பண்ணியும் போகலையா? லேப்டாப் ஆன் ஆனதும் வரும் படத்தை மாத்துறது எப்படி?

பவர் பட்டனை அழுத்தின அடுத்த சில விநாடியில் திரையில் வேண்டாத ஒரு படம். செகண்ட் ஹேண்டில் வாங்கின லேப்டாப்பில் யாரோ ஒரு கம்பெனியின் லோகோ வரும். தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கின இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்த பல லேப்டாப்களில், அப்போதைய முதல்வர் ஜெயலலிதாவின் படம் வந்தது. விண்டோஸை அழிச்சுப் புதுசா போட்டாலும் சில படங்கள் அசையாது. உடனே 'வைரஸோ'ன்னு பயந்து கண்ட டூலை டவுன்லோடு பண்ணிடாதீங்க. முதலில், படம் எங்கே உட்கார்ந்திருக்குன்னு கண்டுபிடிக்கணும்.

எங்கே இருக்கு?

தேதி, நேரத்தோடு சேர்ந்து படம் வந்தா, அது லாக் ஸ்கிரீன். ஆன் பண்ணின உடனே, சுத்துற புள்ளிகளுக்கு மேலே வந்தா, அது பெரும்பாலும் மதர்போர்டு சிப்பில் இருக்கும் பயாஸ் படம். விண்டோஸ் 8-லிருந்து, பயாஸ் தரும் படத்தையே விண்டோஸும் திரையில் வச்சுக்கும். விண்டோஸ் இருக்கிறது ஹார்டு டிஸ்க்கில். இந்தப் படம் இருக்கிறது சிப்பில். ஃபார்மட் பண்ணியும் போகாத ரகசியம் இதுதான்.

லாக் ஸ்கிரீன்னா ஈஸி

செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், லாக் ஸ்கிரீன். பிடிச்ச படத்தை வைங்க, முடிஞ்சது. 'சில செட்டிங்ஸை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது'ன்னு அங்கே வந்தா, லேப்டாப் இன்னும் ஒரு ஆபீஸ் அல்லது கல்லூரியின் கட்டுப்பாட்டில் இருக்கலாம். வேலை செய்யும் இடத்தில் கொடுத்ததுன்னா ஐ.டி டீமைக் கேளுங்க. விலைக்கு வாங்கினதுன்னா, அந்தப் பிடியை எடுத்துத் தரச் சொல்லி வித்தவரையே பிடிங்க. படத்தைவிட அது பெரிய பிரச்னை.

பயாஸ் படம்னா பொறுமை

ரீஸ்டார்ட் பண்ணி எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் கீயைத் தட்டினா பயாஸ் திறக்கும். எந்த கீங்கிறது பிராண்டுக்கு பிராண்டு மாறும். உள்ளே பூட் பகுதியில் 'ஃபுல் ஸ்கிரீன் லோகோ', 'பூட் லோகோ டிஸ்ப்ளே', 'கொயட் பூட்' மாதிரி ஏதாவது இருந்தா ஆஃப் பண்ணிப் பாருங்க. படம் போய், வெறும் எழுத்து வரலாம். இதில் ஆபத்து குறைவு. திரும்ப ஆன் பண்ணிக்கவும் முடியும்.

அந்த ஆப்ஷனே இல்லைன்னா, தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் உங்க மாடலுக்கான பயாஸ் அப்டேட்டைப் பாருங்க. லெனோவாவின் பல திங்க்பேட் மாடல்களில், அப்டேட் பண்ணும்போதே சொந்தப் படம் சேர்க்க வழி இருக்கு. சார்ஜர் செருகி, பேட்டரியும் நிறைய இருக்கும்போது மட்டும் பண்ணுங்க. பாதியில் கரன்ட் போனா லேப்டாப் ஆன் ஆகாமலே போகலாம். அப்புறம் சிப்பைத் திரும்ப எழுத சர்வீஸ் சென்டர்தான்.

இதை மட்டும் பண்ணாதீங்க

வேற மாடலின் பயாஸ் ஃபைலையோ, யாரோ 'மாடிஃபை' பண்ணின ஃபைலையோ ஏத்தாதீங்க. பயாஸ் லோகோ படம் வழியாவே தாக்குதல் நடத்த முடியும்னு 2023-ல் 'லோகோஃபெயில்'ங்கிற பெயரில் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டைகள் காட்டின.

பூட் படத்தை மாத்தும் சில டூல்கள் 'செக்யூர் பூட்'டை ஆஃப் பண்ணச் சொல்லும். பிட்லாக்கர் இருக்கும் லேப்டாப்பில் அதை ஆஃப் பண்ணினா, அடுத்த முறை 48 இலக்க ரிகவரி கீ கேட்கலாம். கீ இல்லைன்னா ப்ராஜெக்ட், போட்டோ எதையும் திறக்க முடியாது. முதலில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அந்த கீ இருக்கான்னு பார்த்து எழுதி வைங்க. ஃபைல்களுக்கும் ஒரு காப்பி எடுங்க.

எதுவும் சரிவரலைன்னா அந்தப் படம் இருந்துட்டுப் போகட்டும். சில விநாடி வந்து போற படத்துக்காக, செமஸ்டர் நேரத்தில் லேப்டாப்பையே இழக்கணுமா என்ன?