சவரன் ஏறியது, சங்கிலி போனது

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் கொரோனா ஊரடங்கை அறிவித்து முடித்தபோது, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்த்த பலரிடம் இருந்தது முந்தைய சனிக்கிழமைச் சம்பளத்தின் மிச்சம். மாதச் சம்பளக்காரருக்கு 21 நாள் ஊரடங்கு என்றால் வீட்டில் அடைந்து கிடப்பது. வாரக்கூலி வீட்டுக்கோ மூன்று சம்பளம் போச்சு.

உதவி வரவில்லை என்று சொல்ல முடியாது. அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் ரேஷனில் கிடைத்தன. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் வந்தது. தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று மார்ச் 29 அன்று மத்திய உள்துறை உத்தரவும் போட்டது. வாசலில் வந்து நிற்கும் வீட்டுக்காரரிடம் அந்த உத்தரவைக் காட்டிவிட்டு, அதே லைன் வீட்டில் எப்படிக் குடியிருப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

மார்ச் 27 அன்று, மூன்று மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றது ரிசர்வ் வங்கி. பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தவணைதான் நின்றது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. அதுவும் வங்கி, நிதி நிறுவனக் கடன்களுக்கு. தெருமுனைத் தண்டல்காரருக்கும், கட்டிவந்த ஏலச்சீட்டுக்கும் ரிசர்வ் வங்கி ஏது?

கரண்ட் பில் இன்னொரு அடி. ஊரடங்கில் ரீடிங் எடுக்க ஆள் வராததால் பழைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு கணக்கெடுத்தபோது, கோடை முழுக்க வீடே அடைந்து கிடந்ததன் விலை தெரிந்தது. அன்றைய கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,130 ரூபாய். 510 ஓடினால் 1,846 ரூபாய். கூடுதலாக ஓடிய அந்தப் பத்து யூனிட்டுக்கு 716 ரூபாய்! வேலை இல்லாமல் வீட்டில் இருந்ததற்கே அபராதம் கட்டியது போலத்தான்.

கடைசியில் எல்லாக் கணக்கும் பீரோவில் வந்து முடிந்தது. எந்த நகை முதலில் போக வேண்டும் என்பதற்கு நம் வீடுகளில் எழுதாத வரிசை ஒன்று உண்டு. மோதிரமும் வளையலும் முதலில் போகும், சங்கிலி அடுத்தது. தாலிக்கொடியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்வது கடைசி. ஏப்ரலில் அடகுக் கடைகளும் பூட்டிக் கிடந்ததால் நகை இருந்தும் காசு புரளவில்லை. கடை திறந்தபோது தங்கம் ஏறிக்கொண்டிருந்தது. உலகமே பயந்துபோய்த் தங்கத்தில் பணம் போட்ட காலம் அது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் சென்னையில் சவரன் 43 ஆயிரத்தைத் தாண்டியது. அதே வாரம், ஆகஸ்ட் 6 அன்று, நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கொடுத்துவந்த வங்கிகள் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது.

அன்றைக்கு அது வரமாகத் தெரிந்தது. அதே சங்கிலிக்குக் கூடுதல் பணம் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? வாங்கிய பணமோ வாடகை பாக்கிக்கும், பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய போனுக்கும் போனது. திரும்பச் சம்பாதித்துக் கொடுக்கிற செலவு இதில் ஒன்றுமில்லை.

2021 மார்ச்சில் சவரன் 34 ஆயிரத்தை ஒட்டி இறங்கியது. சவரனுக்கு 40 ஆயிரம் என்று மதிப்புப் போட்டு 90 சதவீதம் கொடுத்திருந்தால் கடன் 36 ஆயிரம். நகையின் மதிப்பைவிடக் கடனே பெரிது. வழக்கமாக வட்டியைக் கட்டி மாற்றி வைப்பவர்களிடம் இப்போது அசலிலும் ஒரு பகுதி கேட்டார்கள். மூன்று மாதக் கெடுவில் கடன் கொடுத்த நிதி நிறுவனங்களில் ஏல நோட்டீஸ் சீக்கிரமே வந்தது. அடுத்த இரண்டே மாதத்தில் இரண்டாம் அலையும் வந்து சேர, மே மாதம் மறுபடி முழு ஊரடங்கு. மாற்றி வைக்க முடியாதவர்களின் நகை மூழ்கியது.

கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து சவரன் வரை அடகு வைத்த கடன் தள்ளுபடி என்று தி.மு.க. தேர்தல் வாக்குறுதி தந்து, ஆட்சிக்கு வந்தபின் அறிவிக்கவும் செய்தது. நல்ல காரியம்தான், ஆனால் மொத்த எடை 40 கிராமைத் தாண்டினால் கிடையாது, ஒரு குடும்பத்துக்கு ஒருவருக்கே என்று நிபந்தனைகள் வந்தன. தனியார் அடகுக் கடையில் வைத்தவர் கணக்கிலேயே இல்லை. சங்கத்தில் உறுப்பினராக இல்லாத, பிழைக்க வந்த ஊரில் ரேஷன் அட்டைகூட இல்லாத குடும்பம் வேறெங்கே வைத்திருக்கும்?

2024 மார்ச் கடைசியில் சவரன் 50 ஆயிரத்தைத் தாண்டியது. ஏலத்தில் 34 ஆயிரத்துக்குப் போன ஒரு சவரனை அப்போது திரும்ப வாங்க அதற்குமேல் 16 ஆயிரம் வேண்டியிருந்தது. செய்கூலி, சேதாரம் தனி. கம்பெனிகள் ஓடத் தொடங்கியதும் பொருளாதாரம் மீண்டுவிட்டது என்று எழுதினார்கள். உற்பத்தி மீண்டது, ஏற்றுமதி மீண்டது. பீரோவிலிருந்து போனதை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.