ஆப்டிமஸ் பிரைமைக் கொன்றது யார்? டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனும் பொம்மைக் கடை அலமாரியும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பற்றிப் பேசப் போறோம். மைக்கேல் பே 2007-ல ஆரம்பிச்சு வச்ச படங்கள் இல்லை. அதுக்கெல்லாம் முன்னாடி, 1984 செப்டம்பரில் அமெரிக்க டிவியில் தொடங்கிய கார்ட்டூன். வேற வேற பெயர்ல, வேற வேற ஸ்டுடியோவில் அது இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. 2024-ல 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்' வரைக்கும் வந்தாச்சு.

பார்க்காதவங்களுக்கு ரெண்டு வரியில கதை. சைபர்ட்ரான் என்ற கிரகத்தில் ரோபோக்களுக்குள் உள்நாட்டுப் போர். நல்லவர்கள் ஆட்டோபாட்ஸ், தலைவர் ஆப்டிமஸ் பிரைம். கெட்டவர்கள் டிசெப்டிகான்ஸ், தலைவன் மெகாட்ரான். ரெண்டு கூட்டமும் பூமியில் வந்து விழுந்து, 40 லட்சம் வருஷம் தூங்கி, 1984-ல் எழுந்து சண்டையைத் தொடர்கிறார்கள். கார், விமானம், துப்பாக்கி, டேப் ரெக்கார்டர் என்று உருமாறி ஒளிந்துகொள்வார்கள்.

1986-ல் வந்த சினிமாவில் ஆப்டிமஸ் பிரைம் இறந்துபோகிறார். கதைப்படி கொன்றது மெகாட்ரான். ஆனால் முடிவை எடுத்தது ஒரு பொம்மைக் கம்பெனியின் அடுத்த வருஷத்துச் சரக்குப் பட்டியல். அந்த முடிவு எப்படி வந்தது, அதிலிருந்து இந்தத் தொடர் என்ன கற்றுக்கொண்டது என்பதுதான் இன்றைய எபிசோட்.

முதலில் பொம்மை, அப்புறம்தான் கதை

வழக்கமா கதை முதலில் வரும், அது ஹிட்டானால் பொம்மை வரும். இங்கே தலைகீழ். ஜப்பானில் டகாரா என்ற கம்பெனி டயக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்று இரண்டு பொம்மை வரிசைகளை விற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கம்பெனியான ஹாஸ்ப்ரோ அவற்றை வாங்கி, ஒரே பெயரில் சேர்த்து விற்க முடிவு செய்தது. ரெண்டையும் இணைக்க ஒரு கதை தேவைப்பட்டது. அதற்காக மார்வெல் காமிக்ஸிடம் போனார்கள்.

அங்கே பாப் புடியான்ஸ்கி என்ற எடிட்டர், பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் எழுதிக் கொடுத்தார். 'ஆப்டிமஸ் பிரைம்' என்ற பெயரை வைத்தவர் டென்னிஸ் ஓ'நீல் என்று சொல்வார்கள். டயக்ளோனில் அதே லாரி பொம்மையின் பெயர் பேட்டில் கான்வாய். அதற்கு உயிர் கிடையாது, உள்ளே ஒரு குட்டி மனிதன் உட்கார்ந்து ஓட்டுகிற இயந்திரம், அவ்வளவுதான். உயிரும் மனசாட்சியும் பேப்பரில் எழுதிச் சேர்த்தவை.

அதே நேரத்தில் சட்டமும் வழிவிட்டது. அதுவரை பொம்மையை மையமாக வைத்த குழந்தைகள் நிகழ்ச்சிகளை அமெரிக்க ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி சந்தேகத்தோடுதான் பார்த்தது. 1984-ல் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்துக்கு இருந்த கட்டுப்பாடுகளை அது தளர்த்தியது. 22 நிமிஷக் கார்ட்டூனே ஒரு நீளமான விளம்பரம் மாதிரி இருக்கலாம் என்ற நிலைமை வந்தது.

பொம்மையின் குறை, கதையின் சுவை

ஒரு ரசிகனா எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. இந்தக் கார்ட்டூனில் விசித்திரமாகத் தெரியும் பல விஷயங்களுக்குப் பின்னால் பொம்மைத் தொழிற்சாலை இருக்கிறது.

மெகாட்ரானை எடுத்துக்கோங்க. முப்பது அடி ரோபோ மாதிரி நிற்பவன், துப்பாக்கியாக மாறும்போது கையில் பிடிக்கிற அளவுக்குச் சுருங்கிவிடுவான். ஏன்? டயக்ளோன் பொம்மைகள் நிஜக் கார்களின் சின்ன மாதிரிகள். மைக்ரோ சேஞ்ச் பொம்மைகளோ வீட்டில் கிடக்கும் பொருள்கள் அளவில் செய்யப்பட்டவை: துப்பாக்கி, குட்டி டேப் ரெக்கார்டர். ஆப்டிமஸ் முதல் வகை, மெகாட்ரானும் சவுண்ட்வேவும் இரண்டாம் வகை. ரெண்டு வேற அளவுகோலை ஒரே உலகத்தில் போட்டால் ஒன்று சுருங்கித்தான் ஆகணும். நம்ம பாஷையில சொன்னா, ரெண்டு பழைய சிஸ்டத்தை மெர்ஜ் பண்ணும்போது வர்ற யூனிட் மிஸ்மேட்ச்.

இதில் எழுத்தாளர்கள் ஒரு நல்ல வேலை செய்தார்கள். சுருங்கிய மெகாட்ரானைக் கையில் எடுத்துச் சுடுகிறவன் பல நேரம் ஸ்டார்ஸ்க்ரீம். தலைவனைக் கவிழ்த்துவிட்டுத் தானே தலைவனாக வேண்டும் என்று தினமும் திட்டம் போடுகிறவன். அவன் விரல்தான் தலைவனின் விசையில் இருக்கு! பொம்மையில் இருந்த ஒரு கோளாறு, கதையில் பதவி அரசியலாக மாறிவிட்டது.

ஸ்டார்ஸ்க்ரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் மூன்று பேரும் ஒரே மாதிரி இருப்பதைக் கவனிச்சிருப்பீங்க. மூணும் ஒரே அச்சில் வார்த்த பொம்மை, பெயின்ட் மட்டும் வேற. ஓர் அச்சு செய்ய நிறைய செலவாகும், அதை மூணு தரம் விற்றால் லாபம். ஆனால் புடியான்ஸ்கியின் குறிப்புகளில் மூவருக்கும் மூன்று மனசு. ஸ்டார்ஸ்க்ரீம் துரோகி. ஸ்கைவார்ப் முதுகில் அடித்து ரசிப்பவன். தண்டர்கிராக்கருக்கு இந்தப் போர் சரிதானா என்றே சந்தேகம்.

அயர்ன்ஹைடும் ராட்செட்டும் இன்னும் வேடிக்கை. அசல் பொம்மைகளில் அவர்களுக்குத் தலையே கிடையாது! தலை இருக்க வேண்டிய இடத்தில் டிரைவர் சீட்டும் முகம் வரைந்த ஒரு ஸ்டிக்கரும்தான். கார்ட்டூனில் அப்படிக் காட்டினால் வசனம் பேச வைக்க முடியாது. அதனால் முகம் வரைந்து கொடுத்தார்கள்.

ஜெட்ஃபயர் கதையில் வக்கீல் வாசனை அடிக்கும். அந்தப் பொம்மை டகாரா செய்ததில்லை. 'மேக்ராஸ்' என்ற ஜப்பானிய அனிமேயின் விமானம் அது. அதன் உரிமை பிறகு டகாராவின் போட்டியாளரான பண்டாயிடம் போனது. அதனால் கார்ட்டூனில் உருவத்தையும் மாற்றி, பெயரையும் ஸ்கைஃபயர் என்று மாற்றினார்கள். கடையில் ஒருவர், டிவியில் இன்னொருவர்.

இந்த எல்லாக் கட்டாயங்களுக்கும் எழுத்தாளர்கள் கதைக்குள்ளேயே ஒரு பதில் வைத்தார்கள், அல்லது சத்தமில்லாமல் சமாளித்தார்கள். 1986-ல் வந்த கட்டாயம் அப்படிச் சமாளிக்கக்கூடியதாக இல்லை.

1986, ஆகஸ்ட் 8

அந்த வருஷம் புதிய பொம்மைகள் வரிசையாக வந்தன: ஹாட் ராட், அல்ட்ரா மேக்னஸ், கால்வட்ரான். முதல் இரண்டு வருஷத்துப் பொம்மைகளைக் கடையிலிருந்து எடுக்கணும். சாஃப்ட்வேர் ஆட்களுக்குப் புரியும், இது எண்ட் ஆஃப் லைஃப் அறிவிப்பு. இனி சப்போர்ட் கிடையாது, புதுசுக்கு மாறிக்கோங்க. அந்த அறிவிப்பைத் திரைக்கதையாக எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்?

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு விண்கலத்துக்குள் டிசெப்டிகான்ஸ் நுழைகிறார்கள். பிரால், ராட்செட், பிரான், அயர்ன்ஹைட், ஒரு நிமிஷத்தில் எல்லாரும் காலி. ரெண்டு வருஷமா பார்த்துப் பழகிய ஆட்கள். விடைபெறும் வசனம் கூட இல்லை.

பிறகு ஆப்டிமஸ் பிரைமும் மெகாட்ரானும் நேருக்கு நேர். ஆப்டிமஸ் ஜெயிக்கும் கட்டத்தில் இளைஞன் ஹாட் ராட் உதவி செய்வதாக நினைத்து நடுவில் பாய்கிறான். மெகாட்ரான் அவனைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு சுடுகிறான். அப்புறம் ஆப்டிமஸ் படுக்கையில். தலைமையின் சின்னமான மேட்ரிக்ஸை ஒப்படைக்கிறார். கண்ணில் வெளிச்சம் அணைகிறது. உடம்பின் சிவப்பும் நீலமும் வடிந்து சாம்பல் நிறமாகிறது.

மெகாட்ரானுக்கு நடந்தது இன்னும் வெளிப்படை. கிரகங்களையே விழுங்கும் யூனிக்ரான் அவனைப் புது உடம்போடு கால்வட்ரானாக மாற்றுகிறது. யூனிக்ரானுக்குக் குரல் கொடுத்தவர் 'சிட்டிசன் கேன்' எடுத்த ஆர்சன் வெல்ஸ், அவர் நடித்த கடைசிப் படங்களில் ஒன்று இது. பழைய மாடலைக் கொடுத்துப் புது மாடல் வாங்குவதைப் படத்தின் நடுவில் வச்சே காட்டிட்டாங்க.

படம் ஓடவில்லை. ஆனால் பார்த்த பிள்ளைகள் தியேட்டரில் அழுதார்கள். ஹாஸ்ப்ரோவுக்குக் கடிதங்கள் வந்தன. தொடரின் ஸ்டோரி எடிட்டர் ஃப்ளின்ட் டில் பின்னாட்களில் பேட்டிகளில் சொன்னதன் சாரம் இது: பழைய பொம்மை வரிசையை மாற்றுகிறோம் என்றுதான் நினைத்தார்கள், ஆப்டிமஸ் குழந்தைகளுக்கு எவ்வளவு பெரிய ஆள் என்பது யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு இதுதான் இந்தத் தொடரின் மிக முக்கியமான தருணம். கம்பெனியைப் பொறுத்தவரை ஆப்டிமஸ் பட்டியலில் ஒரு வரி. எட்டு வயசுப் பிள்ளைக்கு அவர் அப்பா மாதிரி ஒருத்தர். பொம்மையை விற்க நல்ல கதை சொன்னார்கள், பிள்ளைகள் கதையை நம்பினார்கள். நம்பினதுக்கான விலையையும் அவங்கதான் கொடுத்தாங்க.

இதில் குரலுக்கும் பங்கு இருக்கு. ஆப்டிமஸுக்குக் குரல் கொடுத்த பீட்டர் கல்லன், ஆடிஷனுக்குப் போகும்முன் தன் அண்ணன் லாரியிடம் பேசியதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். லாரி வியட்நாம் போரில் இருந்த மரைன் அதிகாரி. வீரனாக நடிக்கிறாய் என்றால் கத்திக்கொண்டு திரியாதே, மென்மையாக இருக்கும் அளவுக்குப் பலசாலியாக இரு என்ற பொருளில் சொன்னாராம். அந்த அண்ணனின் நிதானத்தைத்தான் கல்லன் குரலில் கொண்டு வந்தார். லாரி பொம்மைக்கு உள்ளே ஒரு நிஜ மனுஷனின் குணம் போய்ச் சேர்ந்துவிட்டது. சரக்குப் பட்டியல் போட்டவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

கடிதங்களுக்குப் பிறகு

மாற்றம் உடனே வந்தது. ஹாஸ்ப்ரோவின் இன்னொரு பொம்மைத் தொடர் ஜி.ஐ. ஜோ. அதன் சினிமாவில் டியூக் என்ற நாயகன் இறப்பதாக இருந்தது. ஆப்டிமஸுக்கு வந்த எதிர்வினையைப் பார்த்ததும் வசனத்தைச் சேர்த்து, அவர் கோமாவில் இருக்கிறார், பிழைத்துவிட்டார் என்று மாற்றினார்கள். காட்சியைப் பார்த்தால் நெஞ்சில் குத்து வாங்கி விழுவது அப்படியே இருக்கும். வசனம் மட்டும் வேற கதை சொல்லும்.

கார்ட்டூனில் ஹாட் ராட், ரோடிமஸ் பிரைம் என்ற பெயரில் தலைவனாகிறான். மூணாவது சீசன் முழுக்க அவனுக்கு ஒரே கவலை: அவர் இடத்துக்கு நான் தகுதியா? பார்க்கிற பிள்ளைகளும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அந்தக் கோபத்தை எழுத்தாளர்கள் பாத்திரத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். 1987-ல் இரண்டு பகுதி எபிசோடாக ஆப்டிமஸ் உயிரோடு திரும்பினார். ரோடிமஸ் தலைமையைத் திருப்பிக் கொடுத்தான். அதே வருஷ நவம்பரில் 98-வது எபிசோடோடு அந்தத் தொடர் முடிந்தது.

பீஸ்ட் வார்ஸ்: பாடம் படித்தவர்கள்

1996-ல் வான்கூவரின் மெயின்ஃப்ரேம் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் அனிமேஷனில் 'பீஸ்ட் வார்ஸ்' எடுத்தது. பாப் ஃபார்வர்ட், லாரி டிட்டிலியோ ரெண்டு பேரும் கதைப் பொறுப்பு. புதுப் பொம்மை வந்துகொண்டே இருக்கும் என்பது முதல் நாளே அவர்களுக்குத் தெரியும். அதனால் கதையிலேயே ஏற்பாடு செய்தார்கள். கிரகத்தைச் சுற்றி ஸ்டேசிஸ் பாட் என்ற கூடுகள் மிதக்கின்றன, உள்ளே இன்னும் விழிக்காத ரோபோக்கள். புதுப் பொம்மை வந்தால் ஒரு கூடு கீழே விழும். பிளக்-இன் ஆர்க்கிடெக்சர் மாதிரி சுத்தமான டிசைன். கம்ப்யூட்டர் மாடல் ஒவ்வொன்றும் செலவு என்பதால் ஆட்கள் குறைவு. ஆட்கள் குறைவு என்பதால் ஒவ்வொருவரையும் நன்றாக எழுத நேரம் கிடைத்தது.

அங்கேயும் ஒருவன் சாகிறான். டைனோபாட், எதிரி அணியிலிருந்து பிரிந்து வந்தவன். 1998-ல் வந்த 'கோட் ஆஃப் ஹீரோ' எபிசோடில், ஆதிமனிதர்கள் வாழும் பள்ளத்தாக்கைத் தனியாக நின்று காக்கிறான். பின்வாங்கினால் பிழைக்கலாம் என்று தெரியும். தெரிந்தே நிற்கிறான். இந்தச் சாவை அவனே தேர்ந்தெடுக்கிறான், அதற்கான காரணமும் கதைக்குள்ளேயே இருக்கிறது.

அப்புறம் டைனோபாட் பெயரில் புதுப் பொம்மை வந்தது. எழுத்தாளர்கள் அவனை உயிர்ப்பிக்கவில்லை. எதிரி செய்த ஒரு நகலாக அதைக் கொண்டு வந்தார்கள். கடைசி எபிசோடில் அந்த நகலுக்குப் பழைய டைனோபாட்டின் நினைவு திரும்பி, தன்னைச் செய்தவனுக்கு எதிராகத் திரும்புகிறது. பொம்மையும் விற்றது, பழையவனின் சாவுக்கும் மரியாதை கெடவில்லை.

அப்போ இதை எப்படிப் பார்க்கிறது?

விளம்பரம்னு தெரிஞ்ச பிறகும் எப்படி ரசிக்கிறேன்னு கேட்பாங்க. ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். 1990-ல் அமெரிக்கா குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம் கொண்டு வந்து, விளம்பரத்துக்கு மறுபடி வரம்பு போட்டது: வார இறுதியில் மணிக்கு பத்தரை நிமிஷம், வார நாள்களில் 12 நிமிஷம். அது நியாயம்தான். கதை எங்கே முடிகிறது, விற்பனை எங்கே தொடங்குகிறது என்று ஆறு வயசுப் பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இன்னைக்கு அன்பாக்சிங் வீடியோவும் கேமுக்குள்ள விக்கிற ஸ்கின்னும் பார்க்கிற பிள்ளைகளுக்கும் தெரியாது. வீட்டில் குட்டிப் பிள்ளை இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்க.

அதே சமயம், அந்தப் பிள்ளைகள் அழுதது பொய்யில்லை. விற்கிறவன் எண்ணம் என்னவாக இருந்தாலும், கேட்கிறவங்களுக்குக் கதை கதைதான். ஒரு பாத்திரத்துக்கு மனசு கொடுத்து லட்சக்கணக்கான பிள்ளைகளிடம் அனுப்பிய பிறகு, அது கம்பெனிக்கு மட்டும் சொந்தமில்லை. 1987-ல் ஹாஸ்ப்ரோ ஆப்டிமஸைத் திருப்பிக் கொடுத்ததற்கு அர்த்தம் அதுதான்.

முதல் முறை பார்க்கிறவங்க 98 எபிசோடும் பார்க்கணும்னு இல்லை. 1984-ன் முதல் மூணு எபிசோட், 1986 படம், 1987-ல் ஆப்டிமஸ் திரும்பும் ரெண்டு எபிசோட், அப்புறம் பீஸ்ட் வார்ஸ். இந்த வரிசையில பாருங்க. உங்களை அழ வச்ச கார்ட்டூன் சாவு எதுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.