சத்து மாத்திரைக்காக நடந்த போராட்டமும் நம் வீட்டு லேகியமும்

வீட்டில் மீன் எண்ணெய் மாத்திரையோ, மஞ்சள் மாத்திரையோ, பையன் ஜிம்முக்கு எடுத்துப் போகும் பவுடரோ இருந்தால் டப்பாவைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அமெரிக்காவில் வாங்கியது என்றால், ஒரு கட்டத்துக்குள் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். மேலே சொன்னதை உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ மதிப்பிடவில்லை, எந்த நோயையும் கண்டறியவோ, குணப்படுத்தவோ, தடுக்கவோ இது தயாரிக்கப்படவில்லை என்பது அதன் சாரம். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'மூட்டுக்கு நல்லது', 'ஈரலுக்கு நல்லது'. பின்பக்கம் 'எங்களுக்கு ஒண்ணும் தெரியாது சாமி'.

கம்பெனிக்காரர்கள் காசை இறைத்து வாங்கிய சலுகை இது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி சரி. மீதிப் பாதி, சாதாரண மக்கள் அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்று, கடிதம் மேல் கடிதம் போட்டு, கேட்டு வாங்கியது. அந்தக் கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அதே பாணிக் கடிதங்கள் இப்போது நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களிலும் கையெழுத்துக் கேட்டு வருகின்றன.

முதல் சுற்று 1970-களிலேயே நடந்துவிட்டது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைட்டமின் சேர்த்த மாத்திரையை மருந்தாகவே கருதுவோம் என்று 1973-ல் எஃப்.டி.ஏ கிளம்பியது. மக்கள் கொதித்தார்கள். செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மையர் கொண்டுவந்த திருத்தம் 1976-ல் சட்டமாகி, எஃப்.டி.ஏ-வின் கையைக் கட்டிப் போட்டது.

இரண்டாவது சுற்றுதான் பெரியது. 1992 மே மாதம் வாஷிங்டன் மாநிலத்தில் கென்ட் என்ற ஊரில், ஜோனதன் ரைட் என்ற மருத்துவரின் கிளினிக்குக்குள் எஃப்.டி.ஏ அதிகாரிகள் ஆயுதம் தாங்கிய போலீசாரோடு கதவை உடைத்துக்கொண்டு புகுந்தார்கள். சட்டவிரோத ஊசி மருந்துகளைத் தேடி வந்தோம் என்பது அவர்கள் தரப்பு. கடைசியில் வழக்கு எதுவும் பதிவாகவில்லை. ஆனால் 'வைட்டமினுக்காகத் துப்பாக்கி எடுத்து வந்தார்கள்' என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவிவிட்டது. மறுவருடம் நடிகர் மெல் கிப்சன் ஒரு டி.வி விளம்பரத்தில் வந்தார். நள்ளிரவில் அதிரடிப்படை அவர் வீட்டுக்குள் பாய்கிறது. அவர் கையில் இருப்பதோ வைட்டமின் சி புட்டி. அட, இது வெறும் வைட்டமின்தானே என்று அவர் கைதூக்குவார். அதே ஆண்டு, எந்தெந்தச் சரக்கு காணாமல் போகும் என்று காட்ட, ஆரோக்கிய உணவுக் கடைகள் ஒரு நாள் அலமாரிகளைக் கறுப்புத் துணியால் மூடி வைத்தன. காங்கிரஸ் உறுப்பினர்களின் அலுவலகங்களில் கடிதங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன.

எழுதியவர்கள் எல்லாரும் ஏமாளிகள் இல்லை. இதை நான் அழுத்தியே சொல்வேன். கருவுறும் வயதுப் பெண்கள் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடு குறையும் என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை 1992 செப்டம்பரில் பரிந்துரைத்தது. அதற்கு முந்தைய வருடம்தான், அந்த வாசகத்தை லேபிளில் போட அனுமதிக்கத் தேவையில்லை என்று எஃப்.டி.ஏ முன்மொழிந்திருந்தது. அரசாங்கத்தின் ஒரு கை கொடுக்கச் சொல்கிறது, இன்னொரு கை தடுக்கிறது. அப்போது எய்ட்ஸ் நோயாளிகளுக்குச் சரியான மருந்தே கிடையாது. கிடைத்த சத்து மாத்திரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களிடம் போய் 'ஆதாரம் வரட்டும், பொறுங்கள்' என்றால் யார் கேட்பார்கள்?

1994 அக்டோபர் 25-ஆம் தேதி அதிபர் கிளிண்டன் கையெழுத்துப் போட்டார். சப்ளிமெண்ட் நிறுவனங்கள் நிறைந்த யூட்டா மாநிலத்தின் செனட்டர் ஆரின் ஹாட்ச் முன்நின்று கொண்டுவந்த சட்டம். இந்தப் பொருள்களெல்லாம் உணவு வகையில் சேரும். விற்பதற்கு முன் பாதுகாப்பையோ பலனையோ எஃப்.டி.ஏ-விடம் நிரூபிக்க வேண்டாம். ஆபத்து என்றால் அதை எஃப்.டி.ஏ-தான் நிரூபிக்க வேண்டும்.

நான் மென்பொருள் ஆள். எங்கள் வேலையில் சோதிக்காமல் ஒரு புரோகிராமை வாடிக்கையாளரிடம் அனுப்பினால் வேலை போய்விடும். ஆனால் இந்தச் சட்டத்தின் ஏற்பாடு இன்னும் வேடிக்கை. சோதிக்காமல் அனுப்பலாம், பழுது இருக்கிறது என்பதை வாடிக்கையாளரின் பக்கத்து வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்து நிரூபிக்க வேண்டும், பழுது பற்றி வந்த புகார்களை அனுப்பியவர் தன் மேசை டிராயரிலேயே பூட்டி வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் சொன்னது நிஜமாகவே நடந்தது. உடல் எடை குறைக்க எஃபெட்ரா என்ற மூலிகை சக்கைப்போடு போட்ட காலம் அது. அளவுக் கட்டுப்பாடும் எச்சரிக்கை வாசகமும் வேண்டும் என்று 1997-ல் எஃப்.டி.ஏ முன்மொழிந்தது. ஆதாரம் போதவில்லை என்ற விமர்சனம் வர, 2000-ல் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றது. ஆதாரமோ மெட்டபொலைஃப் என்ற நிறுவனத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் புகாரே வரவில்லை என்று சொல்லிவந்த அந்த நிறுவனம், 2002-ல் ஒப்படைத்த புகார்கள் 13 ஆயிரத்துக்கும் மேல். அதன் நிறுவனர் எஃப்.டி.ஏ-விடம் பொய் சொன்னதைப் பின்னால் ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். 2003 பிப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலில் சுருண்டு விழுந்து இறந்தார். வயது 23. அவர் எஃபெட்ரா எடுத்துக்கொண்டிருந்தார். 2004 ஏப்ரலில்தான் தடை அமலுக்கு வந்தது. அதையும் எதிர்த்து வழக்கு நடந்தது. கடுமையான பாதிப்பு பற்றிப் புகார் வந்தால் 15 வேலை நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற எளிய விதி வர 2006 ஆயிற்று.

'என் மாத்திரையைத் தொடாதே' என்று எழுதிய அந்த மக்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையைச் சேர்த்தே விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். 1994-ல் சுமார் 4 ஆயிரம் பொருள்கள் சந்தையில் இருந்தன. 2019-ல் எஃப்.டி.ஏ சொன்ன கணக்கு 50 ஆயிரத்துக்கு மேல், ஒருவேளை 80 ஆயிரத்தையும் தாண்டலாம். ஏன் இந்த 'ஒருவேளை'? பட்டியலே கிடையாது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம்.

2022-ல் செனட்டர் டிக் டர்பின் ஒரு மசோதா கொண்டுவந்தார். சப்ளிமெண்ட் விற்பவர்கள் பொருளின் பெயர், சேர்மானம், லேபிள் நகல் ஆகியவற்றை எஃப்.டி.ஏ-விடம் பதிய வேண்டும். அவ்வளவுதான். அனுமதி வாங்க வேண்டாம். எங்கள் நியூஜெர்சி தமிழ்க் குழுவில் அது வந்து சேர்ந்தபோது 'ஆயுர்வேத, சித்த மருந்துகளுக்கு அமெரிக்காவில் தடை, உடனே கையெழுத்திடுங்கள்' என்று மாறியிருந்தது. 'பதிவுதான் அங்கிள், தடை இல்லை' என்று நான் எழுதினேன். குழுவின் மூத்தவர் ஒருவர், என் அப்பா வயது, உடனே போன் பண்ணினார்.

"தம்பி, மஞ்சளுக்கே காப்புரிமை வாங்குன ஊருப்பா இது. நம்ம பட்டியலைக் கேட்டா எதுக்குக் கேக்குறான்னு யோசிக்க வேணாமா?"

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-ல் இங்கே மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர் சண்டை போட்டு 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. நம்மவர்களின் சந்தேகம் ஒன்றும் வானத்திலிருந்து குதித்ததல்ல. ஆனால் அந்தச் சண்டையில் நாம் ஜெயித்தது எழுத்தில் இருந்த ஆதாரத்தைக் காட்டித்தானே? பட்டியல் நமக்கு எப்படிப் பகையாகும்?

அவருக்கு நான் அனுப்பிய ஆய்வுகளை உங்களுக்கும் சொல்கிறேன். பாஸ்டன் சுற்றுவட்டாரத் தெற்காசிய மளிகைக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004-ல் ஓர் ஆய்வு வந்தது. 14-ல் ஈயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்தது. அதே குழு 2008-ல் இணையத்தில் விற்ற 193 பொருள்களைச் சோதித்தது. மறுபடியும் ஐந்தில் ஒன்று. இந்தியாவில் செய்தவை 19.5 சதவீதம், அமெரிக்காவில் செய்தவை 21.7 சதவீதம். 'நம்மைக் குறிவைக்கிறார்கள்' என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். நியூயார்க் நகரில் 2011, 2012-ல் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. எல்லாரும் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரை சாப்பிட்டவர்கள். ஈயம் தாயோடு நிற்காது, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும்.

பஸ்பம், செந்தூரம் எல்லாம் முறைப்படி சுத்தி செய்தவை, அந்த உலோகம் விஷமில்லை என்பார்கள். அந்த வாதத்தை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. வேண்டும் என்றே சேர்த்த உலோகம் என்றால் லேபிளில் எழுதுவதில் என்ன கஷ்டம்? மூலிகை மட்டுமே சேர்த்த ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளை ஏற்றுமதி செய்யும் முன் கன உலோகச் சோதனை கட்டாயம் என்று 2006 ஜனவரி முதல் விதித்தது நம் இந்திய அரசேதான்.

மஞ்சளையும் விட்டுவிடக் கூடாது. சாம்பாரில் போடும் மஞ்சளைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் மஞ்சளைச் செறிவாக்கி, உடம்பு கூடுதலாக உறிஞ்சட்டும் என்று மிளகுச் சத்தும் சேர்த்து மாத்திரையாக்கினால் அது வேறு சரக்கு. இங்கே மருந்தால் வரும் ஈரல் பாதிப்பைக் கண்காணிக்கும் மருத்துவமனைகளின் கூட்டமைப்பு, 2011-க்குப் பிறகு மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்ட 10 பேரைப் பதிவு செய்தது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். கோடிக்கணக்கானோர் சாப்பிடும் பொருளில் பத்து பேர் சின்ன எண்தான். அந்தப் பத்து பேரைக் கண்டுபிடிக்க முடிந்ததே, என்ன சாப்பிட்டார்கள் என்று மருத்துவர்கள் குடைந்து குடைந்து கேட்டதால்தான். என் அம்மா டாக்டரிடம் 'வேற மருந்து ஒண்ணும் இல்லை' என்று சொல்வார். லேகியமும் அமுக்கரா சூரணமும் அவர் கணக்கில் மருந்தே இல்லை, அது சாப்பாடு. ஒரு விதத்தில் 1994 சட்டமும் அம்மா கட்சிதான்.

டர்பின் மசோதாவின் பதிவு யோசனை செனட்டின் பெரிய மசோதாவுக்குள் இடம்பிடித்து, 2022 செப்டம்பரில் கழற்றிவிடப்பட்டது. தயாரிப்பாளர் சங்கங்களே இதில் ஒரே குரலில் பேசவில்லை. ஒரு பெரிய சங்கம் பதிவை ஆதரித்தது. ஆதரித்த சங்கத்தைப் பற்றி எங்கள் குழுவில் ஒரு வரிகூட வரவில்லை.

டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே 2004 முதல் இந்தப் பொருள்களுக்கு உரிமம் வேண்டும். டப்பாவில் எட்டு இலக்க எண் ஒன்று இருக்கும். 2023 ஜூனில், ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை ஒட்டாவா அரசு இவற்றுக்கும் நீட்டித்தது. பட்ஜெட் மசோதாவுக்குள் வைத்து நிறைவேற்றியதால் சரியான விவாதம் நடக்கவில்லை என்ற கோபம் நியாயமானது. கூடவே புதிய கட்டணங்களும் வருகின்றன என்றதும் அஞ்சலட்டை இயக்கம் சூடுபிடித்தது. கட்டணத்தை எதிர்ப்பது புரிகிறது. விஷம் கலந்த டப்பாவைத் திரும்பப் பெறும் அதிகாரத்தை ஏன் எதிர்க்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. எடை குறைக்க, தசை வளர்க்க என்று விற்கும் சப்ளிமெண்டுகளை 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது என்ற சட்டம் நியூயார்க் மாநிலத்தில் 2024 ஏப்ரல் 22 முதல் அமலில் இருக்கிறது. வெறும் புரோட்டீன் பவுடருக்கு விலக்கு உண்டு. நியூஜெர்சிப் பையன் ரயிலேறி அங்கே போய் வாங்க முடியாது, இங்கேயே வாங்கலாம்.

இவற்றில் எதையாவது சாப்பிட்டு மஞ்சள் காமாலை, நெஞ்சுப் படபடப்பு, விடாத வயிற்றுவலி என்று வந்தால் டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். டாக்டரிடம் அதையே எடுத்துப் போய்க் காட்டுங்கள், அம்மா கொண்டுவந்த லேகியமானாலும் சரி. அமெரிக்காவில் இருந்தால் எஃப்.டி.ஏ-வின் இணையதளத்தில் நீங்களே புகார் பதியலாம். லேபிளில் இருக்கும் தொகுதி எண்ணையும் வாங்கிய கடையின் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.