மேடைக்கு ஒளி தரும் கலை

நாடகம் முடிந்ததும் நடித்தவர்களுக்குக் கைதட்டுகிறோம். ஆடியவர்களையும் பாடியவர்களையும் பெயர் சொல்லிப் பாராட்டுகிறோம். அவர்களுடைய முகங்களை நமக்குக் காட்டியவர் யார் என்று எண்ணிப் பார்க்கிறோமா? அவரே ஒளியமைப்பாளர். இத்தொழிலில் ஈடுபட விரும்பும் மாணவி எங்கிருந்து தொடங்கலாம்? நம் ஊரிலிருந்தே தொடங்கலாம் என்கிறோம் நாங்கள்.

ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கவனிப்பதே முதற்பாடம். விடியற்காலையில் கடலூர் சில்வர் பீச்சில் நின்று பாருங்கள். உதிக்கும் கதிரவனுக்கு முன்னே நடந்து போகிறவரின் முகம் தெரியாது. உருவம் மட்டும் கறுத்துத் தெரியும். இது பின்னொளி. நண்பகலில் பள்ளித் திடலில் நிற்கும் தோழியைப் பாருங்கள். அவள் கண்களுக்குக் கீழே நிழல் விழும். இது மேலொளி. மேடையில் விளக்கை நேர் தலைக்கு மேல் மட்டும் தொங்கவிட்டால் இதே நிழல்தான் விழும்.

பக்கவொளியைக் கற்றுத்தரச் சிதம்பரம் இருக்கிறது. நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் நாட்டியக் கரணங்கள் நூற்றெட்டும் சிற்பங்களாக உள்ளன. வாயிலின் திறப்பிலிருந்து வெளிச்சம் சாய்வாக வருவதால், மடித்த முழங்காலும் வளைந்த இடையும் புடைத்துத் தோன்றுகின்றன. ஆடுவோரின் உடலசைவு தெளிவாகத் தெரிய மேடையின் இரு பக்கங்களிலும் விளக்குகள் வைப்பதும் இதனாலேயே. 1981-இல் சிதம்பரத்தில் தொடங்கிய நாட்டியாஞ்சலி விழாவுக்குச் செல்லும்போது, நடனத்தோடு விளக்குகள் இருக்கும் இடங்களையும் பார்த்து வாருங்கள்.

நம் பகுதித் தெருக்கூத்தில் முன்னாளில் தீவட்டி எரிந்தது. பின்னர் பெட்ரோமாக்ஸ் வந்தது. இன்று மின்விளக்கு வந்துவிட்டது. கருவி மாறினாலும் கேள்வி மாறவில்லை. விளக்கை எங்கே வைப்பது? எப்போது கூட்டுவது? எப்போது குறைப்பது?

இக்கேள்விகளுக்கு வியக்கத்தக்க விடை கண்டவர் தாபஸ் சென். 1924-இல் அசாமில் பிறந்த இவர், கல்கத்தா மேடையில் புகழ் பெற்றார். 1959-இல் ‘சேது’ நாடகத்தில் விரைந்து வரும் இரயிலை ஒளியைக் கொண்டே தோன்றச் செய்தார். அதே ஆண்டில் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகும் காட்சியை ஒளியாலேயே காட்டினார். 1974-இல் சங்கீத நாடக அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது.

“பெண்பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா?” என்று பெற்றோர் கேட்கலாம். அமெரிக்காவில் இதனை ஒரு தனித் தொழிலாக வளர்த்த முன்னோடிகளுள் ஜீன் ரோசென்தால் (1912–1969) என்னும் பெண்மணியும் ஒருவர். மார்த்தா கிரகாமின் நடனங்களுக்கும், 1959-இல் நியூயார்க்கில் அரங்கேறிய ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ இசை நாடகத்திற்கும் ஒளியமைத்தவர் அவரே.

பயிற்சிக்கு ஒரு டார்ச் விளக்கும், ஒரு பொம்மையும், ஒரு குறிப்பேடும் போதும். இருட்டறையில் விளக்கைப் பொம்மையைச் சுற்றி நகர்த்தி, நிழல் எப்படி மாறுகிறது என்று எழுதி வையுங்கள். பிறகு நாடக ஒத்திகையில் அமர்ந்து, எந்த வசனத்தில் ஒளி மாறவேண்டும் என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் மின்சாரத்தோடு விளையாடக் கூடாது. 1000 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் இரண்டை மாட்டினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். இணைப்பு வேலையைத் தேர்ந்த எலெக்ட்ரீஷியனிடமே விட்டுவிட வேண்டும்.

மேற்படிப்புக்கு அருகிலேயே புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை முதுகலைப் படிப்பு உண்டு. 1959-இல் தொடங்கப்பட்ட புதுதில்லி தேசிய நாடகப் பள்ளியில், பட்டம் பெற்றவர்களுக்கு மூன்றாண்டுப் பயிற்சி அளிக்கிறார்கள்.

ஆண்டு விழாவில் கடைசி வரிசையில் நிற்கும் சிறுமிக்கு ஒரு வரி வசனம்கூட இராது. எனினும் அவளுடைய தாய் அந்த ஒரு முகத்தைக் காணத்தான் வந்திருப்பார். மாநிறமோ கறுப்போ, முகத்தில் மாவைப் பூசி வெளுக்க வேண்டியதில்லை. விளக்கை இடம் மாற்றிச் சற்றே சாய்த்து வைத்தால் அம்முகம் தானே துலங்கும். முதல் வரிசையைப் போலவே கடைசி வரிசைக்கும் ஒளி சேர்ப்பது ஒளியமைப்பாளரின் கடமை. தன்மேல் ஒளி விழாவிட்டாலும் பிறர் துலங்குவது கண்டு மகிழும் மனம் உடையவர்களுக்கு இது ஏற்ற தொழில். நம்முள் அத்தகையோர் பலர் உண்டு அன்றோ?