ஆறாயிரம் அடி உயரத்தில் ஒரு விருந்துபசாரம்

மாசி, பங்குனி மாதங்களில் நுவரெலியாப் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைத்தால், ஒரு காலைப்பொழுதைப் பறவைகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். அன்னத்தைத் தேட வேண்டாம். அது நம் நாட்டுக்கு வருவதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் அதிசயங்கள் அங்கே காத்திருக்கின்றன.

1897ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் வைர விழாவை நினைவுகூர்ந்து பெயரிடப்பட்ட விக்டோரியா பூங்கா, நகரின் நடுவிலேயே இருக்கிறது. அதன் நீரோடைப் பக்கம் சத்தமின்றி நில்லுங்கள். தொண்டை செம்மஞ்சளாக, சிட்டுக்குருவியைவிடச் சிறியதாக ஒரு பறவை கிளையிலிருந்து தாவிப் பூச்சியைப் பிடிக்கிறதா? அதுதான் காஷ்மீர் ஈப்பிடிப்பான். காஷ்மீரையும் அதையடுத்த இமயமலைக் காடுகளையும் தவிர வேறெங்கும் அது கூடு கட்டுவதில்லை. ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பறந்து, நம் மலைகளுக்குக் குளிர்காலத்தைக் கழிக்க வருகிறது!

உதிர்ந்த இலைகளைக் கிளறிக்கொண்டு திரிவது ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, நீலச் சிறகு, வாலடியில் சிவப்பு. காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் நம் முன்னோர் அதற்கு இப்படிப் பெயரிட்டார்கள். சுபஹுக்குப் பிறகும் மஃரிப் வேளையிலும் காது கொடுத்துக் கேளுங்கள்.

பூங்காவுக்குப் போக வசதியில்லையா? கவலை வேண்டாம். நானுஓயாவிலிருந்து ஹட்டன் வரை, தோட்டத்து ஓடைக் கற்களில் மஞ்சள் வயிற்றுடன் வாலை ஆட்டியபடி ஓடும் சாம்பல் வாலாட்டியும் வடக்கிலிருந்து வந்த விருந்தாளிதான். தண்ணீர்க் குழாயடியில் நின்றே பார்க்கலாம்.

புரட்டாசி, ஐப்பசியில் வரும் இவை சித்திரைக்குள் திரும்பிவிடும். பறவைக்கு இரண்டு வீடு; ஒன்று கெட்டாலும் வாழ்வு கெட்டுவிடும். வடக்கே காடு அழிவதால் காஷ்மீர் ஈப்பிடிப்பான் ஏற்கெனவே குறைந்து வருகிறது. அந்தக் காட்டைக் காப்பது நம் கையில் இல்லை. ஆனால் இந்த ஓடை நம் கையில் இருக்கிறது அல்லவா?

பொலித்தீன் பைகளையும் மருந்துத் தெளிப்பான் கழுவிய நீரையும் ஓடையில் விடாதீர்கள். ஓடையில் பூச்சி செத்தால் அதைத் தின்னும் குருவிக்கு இரையேது? கவண் எடுக்கும் பிள்ளையிடம் அந்தக் குருவி எவ்வளவு தூரம் பறந்து வந்தது என்று சொல்லுங்கள். வந்த விருந்தாளியைப் பட்டினி போட்டு அனுப்புவது நம் வழக்கமில்லையே!