பழைய தூசு உறிஞ்சிகளும் புதிய வணிகமும்

புனே நகரின் மங்கள்வார் பேட்டில் புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜார், பழைய பொருள்களுக்குப் பேர்போனது. வேண்டாத வீட்டுப் பொருள்களைக் கழிவு சேகரிப்போரின் கூட்டுறவு அமைப்பான 'ஸ்வச்'சும் திரட்டி வருகிறது. 1982இல் தொடங்கப்பெற்ற யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் வீடுவீடாக விற்றுப் பரப்பிய தூசு உறிஞ்சும் கருவி, இன்று பல இல்லங்களில் பரணில் உறங்குகிறது. அதனைப் பழுதுநீக்கி விற்போருக்கு இது வாய்ப்பே.

எனினும் இலாபம் கொள்முதலின்போதே தீர்மானமாகிவிடுகிறது. தேய்ந்த கார்பன் பிரஷ், அடைபட்ட வடிகட்டி, விரிசல் கண்ட குழாய் ஆகியவை சிறு செலவில் சீராகும். ஆர்மேச்சர் எரிந்த கருவியையோ, எவ்வளவு மலிவாயினும், வாங்காதிருப்பதே நன்று.

வரி கணக்கிடும் முறையும் கருதத்தக்கது. 2017ஆம் ஆண்டு மத்திய சரக்கு, சேவை வரி விதிகளின் 32(5)ஆம் பிரிவின்படி, ரூ. 1,000க்கு வாங்கி ரூ. 2,500க்கு விற்கும் பழம்பொருள் வணிகர், வித்தியாசமான ரூ. 1,500 மீதே வரி செலுத்தலாம். வாங்கிய பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு பெற்றிருத்தல் கூடாது. பழுதுநீக்கம் பொருளின் தன்மையை மாற்றாத சிறு வேலையாகவும் இருத்தல் வேண்டும். உதிரிபாகங்களுக்கு ரூ. 400 செலவாகியிருப்பினும் அவ்வித்தியாசத்தில் அது கழிக்கப்படுவதில்லை. வணிகர் பலர் விலை குறிக்கையில் மறப்பது இதனைத்தான். மகாராஷ்டிரத்துக்குள் பொருள்களை மட்டும் விற்று, ஆண்டு விற்றுமுதல் ரூ. 40 லட்சத்தைத் தாண்டாத கடைக்காரர் பொதுவாக இவ்வரிக்குப் பதிவு செய்யவேண்டியதில்லை.