குழாய் போனது அடியிலே, பள்ளம் விழுந்தது வயலிலே

"தோண்டாமலே குழாய் போடுறோம், மேல ஒரு நாத்துகூட அசையாதுங்க ஐயா" என்று சொல்லித்தான் எங்க பக்கம் வந்தார்கள். வாய்க்காலுக்கும் அதை ஒட்டிய என் வயலுக்கும் அடியில் துளை போட்டுக் குழாயை இழுத்தார்கள். அன்னிக்கு எதுவும் அசையவில்லை. அடுத்த பட்டத்துக்குத் தண்ணீர் கட்டியபோது, வயலின் குறுக்கே ஒரு பட்டையில் மட்டும் நாலு விரக்கடை ஆழம்!

ஏன் இப்படி? துளை எப்போதும் குழாயைவிடப் பெரிது. பெரும்பாலும் ஒன்றரை மடங்கு விட்டம். அது இடியாமலிருக்க பென்டோனைட் களிமண் கரைசலை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். அழுத்தம் நின்றதும் சுற்றியுள்ள மண் அந்த இடைவெளிக்குள் நெருங்கி வரும். மணலில் இது சீக்கிரம் தெரிந்துவிடும். நம்ம டெல்டா களியோ, கலங்கினால் உள்ளிருக்கும் நீர் கசிந்து இறுகவே பல மாதம் ஆகும். வண்டி போன பிறகு பள்ளம் வருவது அதனால்தான்.

தோராயக் கணக்கு போடுவோம். 3 மீட்டர் ஆழத்தில் 60 செ.மீ. குழாய், 90 செ.மீ. துளை. இடைவெளி பாதி அடைந்தாலே நடுவில் 4 செ.மீ.க்கு மேல் இறங்கும்; இருபுறமும் மூன்று நான்கு மீட்டர் வரை சரிவு. ரோட்டுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். ஒற்றை நாற்று நடவில் நாம் கட்டுவதே 2.5 செ.மீ. தண்ணீர்தான். பள்ளத்தில் இளநாற்று முழுகும், மேட்டில் களை மண்டும். களைக்கொல்லி தொடாத நமக்குத் தண்ணீர் மட்டம்தானே களைக்கட்டு?

வேலை தொடங்கும் முன்பே இதைச் செய்யுங்கள். அசையாத மதகுத் திட்டில் ஒரு குறி வையுங்கள். குழாய் போகும் பாதைக்குக் குறுக்கே ஆறேழு முளை அடித்து, கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் மாதாமாதம், ஒரு வருடம் அளவெடுங்கள். கரைசல் வயலில் பொங்கினால் உழுது கலக்கவிடாமல் அள்ளச் சொல்லுங்கள். இறக்கம் நின்ற பிறகுதான் சமப்படுத்த வேண்டும்: மேல்மண்ணை ஒதுக்கி, அடியில் வண்டல் நிரப்பி, மறுபடி மேல்மண்ணைப் பரப்புங்கள்.

பெட்ரோலியம், எரிவாயுக் குழாய் என்றால் 1962ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. நிலம் நம் பெயரில்தான். பயன்பாட்டு உரிமை மட்டும் போகிறது. அதற்குச் சந்தை மதிப்பில் 10 சதவீதம், சேதத்துக்குத் தனி இழப்பீடு. தொகை போதாதென்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

குழாய் போட்ட கையோடு "சேதம் எதுவும் இல்லை" என்று கையெழுத்துக் கேட்பார்கள். ஒரு போகம் தண்ணீர் கட்டிப் பார்க்காமல் பேனாவைத் தொடாதீங்க.